வயலில் எழும் கேள்வியும் பல்கலைக்கழகமும்

(வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த உழவர்களும் பஞ்சாயத்துப் பணியில் ஈடுபட்டவர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் தம்முள் செய்துகொள்ளும் கூட்டுறவை எவ்வாறு மதிப்பிடுவது என்பது இன்று எனக்குத் தரப்பட்டுள்ள பொருள். இதனைக் கேட்டதும் என் பக்கத்து வயற்காரர், "அவர்கள் கூடினால் நமக்கு என்ன, கூடாவிட்டால் நமக்கு என்ன? மதகில் தண்ணீர் வந்தால் போதாதா, அண்ணே?" என்றார். அவருடைய கேள்வி நியாயமானது. அதற்கு விடை கூறாமல் நான் மேலே செல்ல இயலாது.

கல்லூரி ஒன்று தன்னந்தனியே பட்டம் வழங்க இயலாது என்பது நீங்கள் அறிந்ததே. அது ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்திருத்தல் வேண்டும். நம் புதுவையின் கலைக் கல்லூரிகள் முன்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 1985-இல் பாராளுமன்றச் சட்டத்தினால் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னர் அவை இதனோடு இணைந்தன. காரைக்காலில் 1987-இல் தொடங்கப்பெற்ற பண்டித ஜவகர்லால் நேரு வேளாண் கல்லூரியோ, பல ஆண்டுகள் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் பாடம் நடத்தியது. பாடத்திட்டத்தை வகுப்பது பல்கலைக்கழகம். தேர்வு நாளைக் குறிப்பது பல்கலைக்கழகம். பெரிய ஆய்வுக்கூடங்கள் இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். ஆனால் ஊருக்கு வந்து, வரப்பில் நடந்து, "பயிர் ஏன் பழுத்திருக்கிறது?" என்று கேட்கும் மாணவன் கல்லூரியைச் சேர்ந்தவன். எனவே நம் வயலில் எழும் கேள்வி மாணவனிடம் சென்று, கல்லூரி ஆசிரியரிடம் சென்று, தேவையாயின் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் வரை சென்று, அதற்குரிய விடை அந்தப் பட்டம் முடியுமுன் திரும்பி வருகிறதா என்பதே அவ்விரு நிறுவனங்களின் கூட்டுறவுக்கு நாம் வைக்கக்கூடிய சோதனை. மற்ற சோதனைகளை அவர்களே வைத்துக்கொள்வார்கள். இந்த ஒன்றை நம்மைத் தவிர வேறு எவரும் வைக்க முடியாது.

"கல்லூரியை மதிப்பிட நாம் யார்?" என்ற தயக்கம் உங்களுள் சிலருக்கு இருக்கலாம். இதே வில்லியனூர்க் கொம்யூனில் உள்ள கீழூரில் 1954-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, பிரெஞ்சு ஆட்சியிலிருந்து பிரிந்து இந்தியாவோடு இணைவதா வேண்டாமா என்று வாக்களித்தார்கள். 170 பேர் இணைவோம் என்றார்கள். ஒரு நாட்டின் தலைவிதியைத் தீர்மானித்த மண்ணில் நின்றுகொண்டு, ஒரு கல்லூரியின் பணியைப் பற்றிக் கருத்துக் கூறத் தயங்குவானேன்?

இன்னும் பழமையான கதை ஒன்றும் நமக்கு உண்டு. பாகூரில் கிடைத்த செப்பேடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்திற்கு, அதாவது கல்விச்சாலைக்கு, மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டன. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்பன அவ்வூர்களின் பெயர்கள். அவ்வூர்களின் வருவாயால் கல்விச்சாலை நடந்தது. அங்கிருந்து அவ்வூர்களுக்கு என்ன திரும்பி வந்தது என்று செப்பேடு கூறவில்லை. கூறவேண்டும் என்று எவருக்கும் தோன்றியிருக்கவும் மாட்டாது. வேதமும் சாத்திரமும் பயிலும் இடமாக அது இருந்தது. ஏர் பிடித்தவனுக்கு அங்கே இடம் இருந்ததாகவும் தெரியவில்லை.

நமக்கு மேற்கே உள்ள திருபுவனையிலும் ஒரு கல்லூரி இருந்தது. சோழன் முதலாம் இராசாதிராசன் காலத்து 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதனைப் பற்றிப் பேசுகிறது. 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள். அவர்களுக்காக 72 வேலி நிலம். அதிலிருந்து ஆண்டொன்றுக்கு 12,000 கலம் நெல். அக்கல்லூரியின் ஆசிரியரும் மாணவரும் ஊர் வாரியங்களில் பணியாற்ற வேண்டியதில்லை என்று விலக்கும் அளித்திருந்தார்கள். நண்பர்களே, இச்செய்தியைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். கல்லூரியும் ஊர்ச் சபையும் தனித்தனிப் பந்தியில் அமரும் வழக்கம் நேற்று வந்ததன்று போலும்!

ஊர் கொடுக்கும், கல்விச்சாலை பெறும். கணக்கு அத்துடன் முடியும் என்பது பழைய ஏற்பாடு. இதனை மாற்றிய நாடுகளுள் ஒன்று அமெரிக்கா. அங்கே 1862-இல் இயற்றிய சட்டம், மாநிலந்தோறும் உழவும் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவுவதற்கு நிலம் அளித்தது. 1887-ஆம் ஆண்டுச் சட்டம் அக்கல்லூரிகளோடு ஆராய்ச்சிப் பண்ணைகளைச் சேர்த்தது. அப்படியிருந்தும் பண்ணையில் கண்ட உண்மை உழவன் வீட்டை எட்டவில்லை. ஆகவே 1914-இல் மூன்றாவது சட்டம் வந்தது. கல்லூரியின் விரிவாக்க அலுவலர் ஊர்ப்புறத்திலேயே தங்கிப் பணியாற்ற வேண்டும். மத்திய அரசு கொடுக்கும் பணத்திற்கு ஈடாக மாநிலமும் உள்ளூரும் தம் பங்கைச் செலுத்த வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. பங்கு செலுத்தியவர்கள் சும்மா இருப்பார்களா? அலுவலர் என்ன செய்தார் என்று கேட்கத் தொடங்கினார்கள். என் கருத்தில், அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி அந்தக் கேள்வியே.

நம் நாட்டில் இதற்கு ஒப்பான முயற்சி தொடங்கிய இடம் எது தெரியுமா? நம் புதுச்சேரிதான். உழவர்க்குச் செய்கை வழியே கல்வி புகட்டும் நிலையங்கள் வேண்டும் என்று மோகன் சிங் மேத்தா குழு பரிந்துரைத்தது. அதனை ஏற்று இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நாட்டின் முதலாவது வேளாண் அறிவியல் நிலையத்தை 1974-இல் புதுச்சேரியில் நிறுவி, அதனைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் விட்டது. இன்று குருமாம்பேட்டில் பெருந்தலைவர் காமராசர் பெயரைத் தாங்கி நிற்பது அந்நிலையமே. நாடெங்கும் 700-க்கு மேற்பட்ட நிலையங்கள் இன்று உள்ளன; அவை அனைத்திற்கும் மூத்தது நம்முடையது. நம்முள் பலர் அங்கே விதை வாங்கியிருக்கிறோம், பயிற்சிக்குச் சென்றிருக்கிறோம். ஆனால் ஒரு செய்தியை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? ஒவ்வொரு வேளாண் அறிவியல் நிலையத்திற்கும் அறிவியல் ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. ஆண்டு வேலைத் திட்டம் அக்குழுவின் முன் வைக்கப்படுகிறது. அதில் உழவர்களின் பிரதிநிதிகளும் உறுப்பினர்கள். கேள்வி கேட்பதற்கு ஒரு நாற்காலி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது என்பது இதன் பொருள். அதில் அமர்பவர் யார், அமர்ந்து என்ன பேசினார் என்று நாம் கேட்டதுண்டா?

இனி என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-இல் நம் பகுதியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது நானும் கிராமப் பஞ்சாயத்து உறுப்பினன் ஆனேன். ஈராண்டு சென்றபின் ஒரு கல்லூரியிலிருந்து நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஏழு நாள் முகாமுக்கு எங்கள் ஊருக்கு வந்தார்கள். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். நல்ல பிள்ளைகள், கோயில் குளத்தின் படிக்கட்டைத் துப்புரவு செய்தார்கள், இரவில் நாடகம் நடத்தினார்கள். எங்கள் வயல்களிலிருந்து மண் மாதிரி எடுத்துச் சென்றார்கள். ஊரின் நுழைவாயிலில், எங்கள் ஊரை அக்கல்லூரி தத்தெடுத்திருப்பதாகப் பலகை ஒன்று நாட்டினார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஏரியின் கரையில் உள்ள ஊரை, இருபது ஆண்டுகூட நிரம்பாத கல்லூரி தத்தெடுத்துக்கொண்டது! போகட்டும். மண் மாதிரியின் முடிவு அந்தச் சம்பாவுக்கு வரவில்லை, அடுத்த நவரைக்கும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. பின்னர் ஒரு நாள் அக்கல்லூரியின் அறிக்கை ஒன்று தற்செயலாக என் கைக்கு வந்தது. அதில் எங்கள் ஊர்ப் படம் இருந்தது. எத்தனை வயல்களில் மண் எடுக்கப்பட்டது என்ற கணக்கும் இருந்தது. கணக்கு மெய்யானது. ஆனால் அந்தக் கணக்கினால் எங்கள் ஊரில் ஒரு மூட்டை உரமும் மிச்சமாகவில்லை.

குற்றம் முழுவதையும் அவர்கள் மேல் சுமத்த நான் விரும்பவில்லை. பஞ்சாயத்தின் சார்பில் இசைவுக் கடிதத்தில் கையெழுத்திட்டவர்களுள் நானும் ஒருவன். மண் முடிவு எப்போது வரும், யார் கொண்டுவருவார், எந்த மொழியில் இருக்கும் என்று ஒரு சொல் நான் கேட்கவில்லை. தேநீர் கொடுத்து வழியனுப்பினேன்.

இது நிகழ்வதற்கு ஒரு காரணம் உண்டு. உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிட 1994-இல் நாக் எனப்படும் தேசியக் குழு அமைந்தது. அதன் அளவுகோல்களில் ஊர்ப்புற விரிவாக்கப் பணியும் பிற நிறுவனங்களோடு கொள்ளும் கூட்டுறவும் இடம்பெற்றன. இது நல்ல நோக்கமே. எனினும் 2017-இல் திருத்திய முறையிலும் எத்தனை நிகழ்ச்சிகள், எத்தனை மாணவர்கள், எத்தனை புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் என்று எண்ணிக்கையே பெரிதும் கேட்கப்பட்டது. எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை வரும். நெல்லை அளக்காமல் கதிர்க்கட்டை மட்டும் எண்ணினால் களத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2014-இல் மத்திய அரசு தொடங்கிய உன்னத பாரத இயக்கத்தில் ஓர் அடி முன்னேற்றம் உண்டு. அதில் சேரும் கல்லூரி குறைந்தது ஐந்து ஊர்களை ஏற்று, முதலில் வீடுதோறும் கணக்கெடுத்து, ஊர் மக்களோடு கலந்து ஒரு வளர்ச்சித் திட்டம் வகுத்தல் வேண்டும். உங்கள் ஊரும் அவ்வாறு ஏற்கப்பட்டிருந்தால், அந்தக் கணக்கெடுப்பின் படி ஒன்றைத் தமிழில் கேளுங்கள். நம்மைப் பற்றிய கணக்கு நம்மிடம் இல்லாதிருப்பது முறையன்று.

குறை மட்டும் கூறினால் நான் நன்றி கெட்டவன் ஆவேன். வேளாண் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டில் ஊர்களில் தங்கி உழவரோடு பழகும் பயிற்சி உண்டு. கோலப்பொடியால் தெருவில் ஊர் வரைபடம் போடும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சம்பாப் பட்டத்தில் அப்படி வந்த ஒரு மாணவி என் உறவினர் வயலில் நின்றாள். நட்டு இருபது நாள் ஆன பயிர். அடியிலைகளில் துருப்பிடித்தாற்போலப் பழுப்புப் புள்ளிகள். இளம் இலையின் நடு நரம்பு வெளுத்திருந்தது. வளர்ச்சி திட்டுத் திட்டாகக் குன்றியிருந்தது. அவர் யூரியா போடப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "சற்றுப் பொறுங்கள், ஐயா" என்று அப்பெண் படம் எடுத்துத் தன் ஆசிரியருக்கு அனுப்பினாள். ஆசிரியருக்கும் ஐயம், அவர் தமக்கு மேலுள்ள மண்ணியல் அறிஞரைக் கேட்டார். நான்காம் நாள் விடை வந்தது: துத்தநாகச் சத்துக் குறைவு, ஏக்கருக்குப் பத்துக் கிலோ சிங்க் சல்பேட்டை இருபது கிலோ மணலோடு கலந்து தூவ வேண்டும், டி.ஏ.பி. போன்ற மணிச்சத்து உரங்களோடு அதனைக் கலக்கலாகாது. அதோடு அந்த ஆசிரியர் இன்னொன்றும் சொல்லியனுப்பினார். வயலின் ஓரத்தில் ஒரு பாத்தியை ஒன்றும் போடாமல் அப்படியே விட்டுவிட வேண்டுமாம்.

என் உறவினருக்கு அது பிடிக்கவில்லை. "ஒரு பாத்தி நெல்லை எதற்கு இழப்பது?" என்றார். ஆனாலும் விட்டார். பதினைந்து நாளில் அந்தப் பாத்தி ஒரு பக்கமும் மற்ற வயல் ஒரு பக்கமுமாகத் தெரிந்தது. தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். அடுத்த பட்டத்தில் எவரும் சொல்லாமலே பத்துப் பேர் சிங்க் சல்பேட் கேட்டுக் கடைக்குப் போனார்கள்.

அந்த ஒப்பீட்டுப் பாத்தியைப் பற்றிச் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறேன். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் எல்லார் வயலும் விளையும். அவ்வாண்டில் ஒரு கல்லூரி நம் ஊருக்கு வந்திருந்தால், விளைச்சல் கூடியது எங்களால் என்று அவர்கள் எழுதக்கூடும். பொய் சொல்லும் எண்ணம் சிறிதும் இல்லாமலே எழுதக்கூடும். மழை பொய்த்த ஆண்டில், கல்லூரி வந்தும் பயனில்லை என்று நாம் ஏசக்கூடும். இரண்டும் தவறு. கல்லூரி வராத பக்கத்து ஊர் அவ்வாண்டு எப்படி இருந்தது என்று பார்த்தாலன்றி உண்மை தெரியாது. வருவதற்கு முன் நம் நிலை என்ன என்ற குறிப்பும் வேண்டும். எத்தனை மூட்டை உரம் போட்டோம், எத்தனை முறை மருந்து தெளித்தோம், எத்தனை மூட்டை நெல் கண்டோம் என்பதை நான்கைந்து வயல்களுக்கேனும் எழுதி வைக்காத ஊர், கூட்டுறவை எப்படி மதிப்பிடும்?

முன்குறிப்பு எடுத்துக்கொண்டு தொடங்கிய முயற்சி ஒன்று இந்த வில்லியனூரிலேயே நடந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு சுற்றியுள்ள ஊர்களில் தகவல் நிலையங்களை அமைத்தது. அது கல்லூரி அன்று. ஆயினும் கல்லூரிகள் கற்க வேண்டியது அதில் உண்டு. தொடங்குமுன், ஊர் மக்கள் தமக்கு வேண்டிய செய்தியை யாரிடம் கேட்டு அறிகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். கடைக்காரர், சந்தை, உரம் விற்பவர் என்ற விடையே மிகுதியாக வந்தது. அறிவியல் அறிஞர் அப்பட்டியலில் எங்கோ கீழே இருந்தார்! நிலையத்திற்கு இடம் ஊர் தர வேண்டும். நடத்துவோர் ஊராராக இருத்தல் வேண்டும். எல்லாச் சாதியாரும் தயக்கமின்றி உள்ளே வர வேண்டும் என்று நிபந்தனைகள் இருந்தன. மீனவர் ஊரான வீராம்பட்டினத்திற்கு அலையின் உயரத்தை இணையத்தில் பார்த்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அந்த முயற்சிக்கு 2001-இல் ஸ்டாக்ஹோம் நகரில் பரிசும் கிடைத்தது. பரிசைக் காட்டிலும் அந்த மூன்று நிபந்தனைகளே என் மனத்தில் நிற்கின்றன. தன் இடத்தையும் தன் ஆளையும் கொடுத்த ஊர், கணக்குக் கேட்கக் கூச்சப்படவில்லை.

கல்லூரிப் பக்கத்துத் தொல்லைகளையும் நாம் உணர வேண்டும். நமக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டங்கள். அவர்களுக்குப் பருவத்தேர்வு. தண்டு துளைப்பான் தேர்வு நாளைப் பார்த்து வருவதில்லை. பூச்சி வரும் வேளையில் மாணவர் விடுமுறையில் இருப்பார். மாணவர் வரும் வேளையில் நாம் அறுவடை முடித்துத் திண்ணையில் இருப்போம். "நாளை மாற்றக்கூடாதா?" என்று கல்லூரி முதல்வரைக் கேட்டால், "நாட்காட்டி எங்கள் கையில் இல்லை, பல்கலைக்கழகத்தின் கையில்" என்பார். அவர் சொல்வது உண்மை. பல்கலைக்கழகத்திற்கும் கல்லூரிக்கும் உள்ள கூட்டுறவு நம் வயலைத் தொடுவது இந்த இடத்தில்தான். ஊரின் பட்டத்திற்கு ஏற்பத் தங்கும் நாளை அமைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு எவ்வளவு உரிமை உண்டு? கல்லூரி அனுப்பும் மண்ணையும் நீரையும் காலதாமதமின்றிச் சோதித்துத் தரப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திற்குக் கடமை உண்டா? பாகூரில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்த்தால், அதனை ஒரு மாணவனின் ஆராய்ச்சிப் பொருளாகக் கொடுக்க இடம் உண்டா? அந்த ஆராய்ச்சி ஆங்கில ஏட்டில் முடிந்துவிடாமல், நான்கு பக்கத் தமிழ்க் குறிப்பாக நம்மிடம் வருமா? ஒப்பந்தத்தில் இவை எழுதப்பட்டிருந்தால் கூட்டுறவு நல்லது என்பேன். மாலையும் பொன்னாடையும் படமும் மட்டும் இருந்தால், அவர்கள் மகிழட்டும். நாம் நம் வேலையைப் பார்ப்போம்.

பஞ்சாயத்து இசைவுக் கடிதம் கொடுக்கும்போது ஒரு தாளில் சில வரிகள் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தக் குறைக்காக வருகிறீர்கள் என்பதை ஊரார் சொல்ல அவர்கள் எழுதட்டும். முடிவைக் கொண்டுவர வேண்டிய ஆசிரியரின் பெயரும் நாளும் அதில் இருக்கட்டும். அந்த முடிவு ஊர்க் கூட்டத்தில் தமிழில் வாசிக்கப்படட்டும். பெண்களும் குத்தகைக்காரரும் விவசாயக் கூலிகளும் இருக்கும் வேளையில் அக்கூட்டம் நடக்கட்டும். ஒரு செல்வருடைய மாந்தோப்பில் நடக்கும் கூட்டத்தை ஊர்க் கூட்டம் என்று எழுத வேண்டாம்.

நம் பகுதியில் 2011-இல் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தபின் பல ஆண்டுகள் தேர்தல் நடைபெறவில்லை. அக்காலத்தில் கொம்யூன் ஆணையரிடம் இசைவு வாங்கிக்கொண்டு வந்துபோன குழுக்கள் பல. கேட்பதற்கு உறுப்பினர் இல்லாத ஊரில் கேள்வியும் இல்லாமற் போயிற்று. அப்படிப்பட்ட காலத்தில் ஏரிப் பாசனத்தாரும் உழவர் மன்றத்தாரும் மகளிர் குழுவினரும் அந்தத் தாளை ஏந்த வேண்டும். ஏரியில் மடை திறப்பதற்கு முறை வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது கடினமன்று.

மண் மாதிரி பற்றி இருவர் முன்னரே கேட்டீர்கள். நெல் வயலாயின் ஆங்கில வீ எழுத்தைப் போலக் குழி வெட்டி, பதினைந்து செண்டிமீட்டர் ஆழம் வரை இரு பக்கச் சுவரிலிருந்தும் சீராகச் சுரண்டி எடுங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குழி இருந்த இடம் ஆகியவற்றைத் தவிருங்கள். ஒரு வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி நீக்கி, அரைக் கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள். பையின் மேல் உங்கள் பெயரோடு, எடுத்த நாளையும் எழுதுங்கள். யாரிடம் கொடுத்தீர்கள் என்பதை உங்கள் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

அத்தகைய புத்தகம் ஒன்று எங்கள் ஊரில் சென்ற சம்பாவிலிருந்து வைத்திருக்கிறோம். இதோ, நாற்பது பக்கப் பள்ளி நோட்டுத்தான். இடப்பக்கத்தில் கேள்வி, யாரிடம் கேட்டோம், எந்த நாள்; வலப்பக்கத்தில் விடை, வந்த நாள். வலப்பக்கத்தில் இன்னும் சில இடங்கள் வெறுமையாக இருக்கின்றன. கூட்டம் முடிந்தபின் பார்க்க விரும்புவோர் மேடைக்கு அருகில் வரலாம். குருமாம்பேட்டு நிலையத்திலிருந்து வந்திருக்கும் அன்பர்களும் அருள்கூர்ந்து சற்றுத் தங்கிச் செல்ல வேண்டுகிறேன். அவற்றுள் இரண்டு கேள்விகள் அவர்களுக்கு உரியவை.